இளவழகன் ஜீன்ஸ் வாங்கும் முறை

குடவாசல் கடைத்தெருவுக்குப் பையன்களுக்குப் பேண்ட் வாங்க வரும் தகப்பன்மார் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே காட்டுங்க." இந்த வாக்கியத்தின் புண்ணியத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் முதல் வருஷம் பேண்ட்டின் அடியை மிதித்துக்கொண்டு நடப்பார்கள், மூன்றாம் வருஷம் கணுக்கால் தெரிய நடப்பார்கள். நடுவில் ஒரு வருஷம் பார்க்கும்படியாக இருப்பார்கள். அதற்குள் துணி வெளுத்துப் போயிருக்கும். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, இளவழகனைத் தவிர.

இளவழகனுக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் உண்டு. கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம். உழவு சீசனில் மனிதனைப் பிடிக்க முடியாது. நெல் விற்கிற சமயத்தில் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே படுத்துக் கிடப்பான். டிராக்டருக்கு டயர் வாங்கக்கூட ஒரே ஒரு போன் போட்டு, "அனுப்பி வைங்க" என்று சொல்லிவிடுகிற ஆள். ஆனால் தன் பையன்கள் நிலவனுக்கும் வளவனுக்கும் ஜீன்ஸ் வாங்குவதென்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுவான். அன்றைக்கு யாருடைய வயலும் உழப்படாது.

அதுவும் சாதாரண ஜீன்ஸ் அல்ல. காலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஜாதி. கடைக்காரர்கள் அதை ஸ்கின்னி என்கிறார்கள், பையன்கள் பென்சில் என்கிறார்கள். அவன் மனைவி மலர்க்கொடி அதைத் தலையணை உறை என்பாள். "காலை உள்ள திணிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனாத்தான் போவுது. உறைதானே அது?" என்பாள்.

இளவழகனின் நிபந்தனைகள் மூன்று. விலை கையைக் கடிக்கக் கூடாது. துணி உழைக்க வேண்டும். காலில் எங்கேயும் ஒரு விரல் நுழைகிற இடம் இருக்கக் கூடாது. மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எந்தக் கடைக்காரனும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஜாஃபர் சாதிக் மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெடிமேட் கடை வைத்திருப்பவர். அண்ணன் தம்பி எல்லோரும் துபாய்க்குப் போனபோதும், "இங்க உக்காந்திருக்க ஒரு ஆள் வேணாமா" என்று சொல்லி ஊரிலேயே தங்கிவிட்டவர். உட்கார்ந்திருப்பதில் அவருக்கு நிஜமாகவே ஈடுபாடு உண்டு. இளவழகன் கடைக்குள் வந்தால் அவர் செய்கிற முதல் காரியம், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைப்பையனை டீ வாங்க அனுப்புவதுதான்.

"மூணும் சேந்த மாதிரி ஒண்ணு இருந்தா, நான் என் புள்ளைக்கு எடுத்து வச்சிருக்க மாட்டனா, இளா?" என்பார்.

"இருக்கும் பாய். உள்ள தேடிப் பாருங்க."

தேடுவார். கட்டுக் கட்டாக இறக்குவார். பிறகு பரிசோதனை ஆரம்பமாகும். இளவழகன் ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, தொடைத் தையல் இரட்டையாக ஓடுகிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பான். கைக்குட்டையை நனைத்து முழங்கால் பக்கம் தேய்த்து, நீலம் ஒட்டினால் ஓரம் தள்ளிவிடுவான். ஜிப்பை மேலும் கீழும் இழுத்து, அது சலித்துக்கொள்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பான். துணியை இரண்டு கையாலும் இழுத்து விடுவான். இழுபடாவிட்டால் பையனால் உட்கார முடியாது. ரொம்ப இழுபட்டால் நாலு துவைப்பில் முழங்காலில் பை போலத் தொங்கிவிடும். நடுத்தரமாக இழுபட வேண்டும். இதையெல்லாம் எங்கே படித்தான் என்று ஜாஃபர் சாதிக் ஒருநாள் கேட்டார். "உங்க கடையிலதான், பாய், பாழாப் போனதுல படிச்சது" என்றான். அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார்.

துணி தேறினால் பையன்களின் முறை. போட்டுக்கொண்டு வந்து நடுக்கடையில் நிற்க வேண்டும்.

"உக்காரு. எந்திரி. மண்டி போடு. இப்ப தரையில விரிச்சிருக்குற இந்தக் கோரப்பாயிலேருந்து அந்தப் பாய்க்குத் தாண்டு. வரப்பு தாண்டுறாப்ல."

பன்னிரண்டு வயது நிலவன் வெட்கத்தோடு தாண்டுவான். ஏழு வயது வளவன் கேட்காமலேயே நாலு தடவை தாண்டுவான். ஒருமுறை அவன் தாண்டும்போது டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். கிழிந்த ஜீன்ஸுக்கு ஜாஃபர் சாதிக் காசு வாங்கவில்லை. "நல்லவேளை, இங்க கிழிஞ்சுது. உங்க வீட்டுல கிழிஞ்சிருந்தா என்னை உசுரோட விட்ருப்பீங்களா?" என்றார்.

இத்தனை பாடும் எதற்கு என்பது ஊரில் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இளவழகனின் அம்மா பூவம்மாள் பெரிய வீட்டில் மாட்டுக்கொட்டகை வேலை பார்த்தவள். பெரிய வீடு என்றால் மிராசுதார் வீடு. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கொல்லைப்புற வாசலில் அவளைக் கூப்பிட்டு, சின்ன அய்யாவின் பழைய கால்சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். சின்ன அய்யா இளவழகனைவிட நாலு வயது பெரியவர். உடம்பும் பூசினாற்போல இருக்கும். அவருடைய ஒரு கால்சட்டைக்குள் இளவழகன் தாராளமாக இரண்டு பேராக வசிக்கலாம். அரைஞாண் கயிற்றில் சொருகி, மேலே ஒரு சணல் கட்டி, கையால் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். ஓடுகிற விளையாட்டு எதிலும் சேர மாட்டான். ஓட வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டுமே! பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவனைக் கேலி செய்யும்போது கால்சட்டையைத்தான் சின்ன அய்யாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவனைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த வயதிலேயே மனசில் ஒன்றை முடிவு பண்ணிவிட்டான். தன் பிள்ளைகள் உடம்பில் இன்னொருவன் போட்டுக் கழித்தது ஏறக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் இது இவனுக்கென்றே வாங்கியது என்று தெரிய வேண்டும். இப்படி ஒரு வைராக்கியக்காரனுக்காகவே எவனோ ஒரு வெளிநாட்டான் ஸ்கின்னி ஜீன்ஸைக் கண்டுபிடித்திருக்கிறான். வேறு எவன் காலும் நுழையாத பேண்ட். வரப்பில் இறங்கும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடக்கூட முடியாத பேண்ட். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேற்றுக்கு இதைவிட உதவாத உடை வேறு இல்லை. இளவழகனுக்கு அதுதான் பிடித்திருந்தது. தன் பையன்கள் சேற்றில் இறங்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு அந்தக் கால்களே சாட்சி.

ஆனால் பையன்களுக்கு இதெல்லாம் புரியவில்லை. அவர்கள் பாட்டுக்கு வளர்ந்தார்கள். தை மாதம் தோலோடு ஒட்டியிருந்த ஜீன்ஸ் ஆனி மாதம் தொடையைத் தாண்ட மறுத்தது. துணி மட்டும் அசையவில்லை. தகப்பன் நகத்தால் கீறிப் பார்த்து வாங்கிய துணி அல்லவா, ஒரு நூல் பிரியவில்லை, ஒரு பட்டன் தளரவில்லை. பத்து வருஷம் உழைக்கக்கூடிய துணியை அவன் ஆறு மாசம் மட்டுமே பொருந்துகிற அளவில் வாங்கிக்கொண்டிருந்தான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது என்று அவனிடம் சொல்ல மலர்க்கொடியைத் தவிர யாருக்கும் தைரியமில்லை.

"நெலவனுக்குச் சின்னதாப் போனது வளவனுக்குக் கச்சிதமா இருக்குங்க. புத்தம் புதுசாட்டம் இருக்கு" என்றாள் ஒருமுறை.

"அது அவனோடது."

"அவன் அண்ணந்தானே? ஊரான் வீட்டுதா?"

"யாரோடதா இருந்தா என்ன? ஒருத்தன் போட்டுக் கழிச்சத இன்னொருத்தன் போடுறது என் வீட்டுல கெடையாது."

அதோடு பேச்சு முடிந்தது. சின்னதாய்ப் போன ஜீன்ஸ் எல்லாம் துவைத்து, மடித்து, பழைய இரும்புப் பெட்டிக்குள் போயின. பெட்டி நிறைந்ததும் சாக்குகளில் போயின. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மலர்க்கொடி சொன்னாள். அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை. கொடுத்தால் கொல்லைப்புற வாசலில் நின்று கொடுக்கிற ஆளாகத் தான் ஆகிவிடுவோம் என்ற பயம். அந்தப் பயத்தை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொல்வான். வீட்டில் விதைநெல் வைக்க இடமில்லாமல் போனது. ஜீன்ஸ் வைக்க இடமிருந்தது.

இப்படியே போயிருக்கும். அந்த வருஷம் சம்பா நடவுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. எல்லோரையும் போல இளவழகனும் வங்காளத்திலிருந்து வந்த ஒரு கோஷ்டியைப் பிடித்தான். நூல் பிடித்தாற்போல நடுவார்கள், பேச்சே இருக்காது. அவர்களில் ஒரு குடும்பம் அவனுடைய மோட்டார் கொட்டகையில் தங்கிக்கொண்டது. புருஷன், ஷிபானி என்ற மனைவி, எட்டு வயதில் ஒரு பையன். நடவு நடக்கிறபோதே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் கொட்டகைக் கூரை ஒழுகி, அவர்கள் கொண்டுவந்த துணிமணி எல்லாம் நனைந்து நாறிவிட்டது.

மழை விட்ட மறுநாள் காலையில் இளவழகன் வயலுக்குப் போனான். வரப்பில் அந்தப் பையன் எதிரே வந்தான். கீழே நீல ஜீன்ஸ். இளவழகன் பார்த்தவுடனே தெரிந்துகொண்டான். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்வதுபோல அந்த இரட்டைத் தையலை அடையாளம் கண்டுகொண்டான். நிலவனுக்குப் பத்து வயதில் வாங்கியது. இந்தப் பையனோ நோஞ்சான். நிலவன் காலில் உறைபோல ஒட்டிக் கிடந்த ஜீன்ஸ், இவன் காலில் தொளதொளவென்று தொங்கியது. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கயிறு. பையன் இளவழகனைக் கண்டதும் வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி வழிவிட்டான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

இளவழகன் வயலைப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

"யாரைக் கேட்டுப் பெட்டியத் தொறந்த?"

மலர்க்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உங்களக் கேட்டா தொறக்க விடுவீங்களா? புள்ள ஈரத்தோட குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னுது. உள்ள ஒரு சாக்கு துணி சும்மா கெடக்குது. எனக்குப் பொறுக்கல, குடுத்துட்டன்."

"அந்தப் புள்ள அத எப்படிப் போட்டுருக்கான்னு பாத்தியா?"

"பாத்தன். சிரிச்சிக்கிட்டே போட்டுக்கிட்டான்."

"சிரிக்காம என்ன செய்வான்? உன் எதிர்ல அழுவானா?"

மலர்க்கொடி இப்போது நிமிர்ந்தாள். அவன் குரல் கம்மியிருந்ததைக் கவனித்துவிட்டு, தண்ணீரை மெதுவாக வடித்தாள். முப்பது வருஷமாக எந்த இடத்துக்கு வந்துவிடக் கூடாது என்று ஓடினானோ, சரியாக அந்த இடத்தில் வந்து நின்றிருந்தான். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை வாசலுக்கு உள்பக்கம். அவமானமாக இருந்தது. சின்ன வயதில் பட்ட அவமானத்தைவிட இது பெரிதாக இருந்தது, ஏனென்றால் இதற்கு யாரையும் திட்ட முடியாது.

தீபாவளிக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. சாயங்காலம் கொட்டகைக்குப் போய், பையனின் அப்பனிடம் கையைக் காட்டி, சைகை காட்டி, கடைசியில் ஒருவழியாகப் புரியவைத்தான். பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடவாசலுக்கு விட்டான். போகிற வழியில்தான் பெயர் கேட்டான். சுபல் என்றான் பையன். ஒரு மாதமாகத் தன் நிலத்தில் கிடக்கிற பிள்ளையின் பெயர் இப்போதுதான் தெரிகிறதே என்று இளவழகனுக்குச் சுருக்கென்றது.

ஜாஃபர் சாதிக் ஸ்டூலை இழுத்தார். புதுப் பையனையும் அவன் இடுப்புக் கயிற்றையும் இளவழகன் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, டீக்கு ஆள் அனுப்பாமல் நேரே எழுந்து உள்ளே போனார்.

பரிசோதனை எதிலும் குறை வைக்கவில்லை. தையல், நீலம், ஜிப், இழுவை. பிறகு சுபல் நடுக்கடையில் உட்கார்ந்தான், எழுந்தான், மண்டி போட்டான், பாய்க்குப் பாய் தாண்டினான். பாஷை தெரியாவிட்டாலும் தாண்டுவது எல்லாப் பையன்களுக்கும் தெரிந்திருக்கிறது. முதலில் வந்தது இடுப்பில் ஒரு விரல் நுழைய இடம் விட்டது. இரண்டாவது கணுக்காலில் மடிந்தது. மூன்றாவது கச்சிதம். சுபல் கண்ணாடியில் தன் காலை முன்னால் பார்த்தான், திரும்பி நின்று பின்னால் பார்த்தான். இரண்டு கையையும் விட்டுவிட்டு நின்றான். இளவழகன் பணத்தை எடுத்து நீட்டினான்.

"பேரம் பேசலையா, இளா?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"இன்னிக்கு வேணாம், பாய்."

"அப்ப நானாக் கொறச்சாத்தான் உண்டு" என்று அவரே குறைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி இளவழகன் நன்றாகச் சாப்பிட்டான். நிலவனிடமும் வளவனிடமும் வழக்கத்துக்கு மேல் பேசினான். மலர்க்கொடி இன்னொரு கரண்டி சாதம் போட்டபோது வேண்டாமென்று சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் கணக்கு நேராகிவிட்டது என்று அவனுக்கு ஒரு நிம்மதி. மனுஷனுக்கு இந்த மாதிரி நிம்மதி வந்தால் ஒரு ராத்திரிதான் தங்கும்.

மறுநாள் காலையில் ஷிபானி வந்தாள். வாசலில் நின்று மலர்க்கொடியைக் கூப்பிட்டாள். கையில் ஜாஃபர் சாதிக் கடைப் பை. உள்ளே ஜீன்ஸ் அழகாக மடித்து, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் இருந்தது. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழில் அவள் ரொம்ப சிரமப்பட்டுப் பேசினாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

"அக்கா, நல்ல துணி. ரொம்ப நல்ல துணி. ஆனா சின்னது. பையன் வளரும். மாத்திக் குடுங்க. பெருசு. இவ்ளோ பெருசு."

இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள். பிறகு நேற்றுப் பையன் போட்டிருந்த நிலவனின் ஜீன்ஸைப் பற்றியும் சொன்னாள். அது ரொம்ப நன்றாக இருக்கிறதாம், மூன்று வருஷம் வருமாம். அதைவிடவும் பெரிதாக, இடுப்பில் கயிறு கட்டுகிற அளவில் இன்னொன்று கிடைத்தால் பையனுக்கு ஆறு வருஷத்துக்குக் கவலையில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவமானமும் இல்லை, ஏக்கமும் இல்லை. மழைக்கு நடுவே ஒரு நல்ல வெயில் நாள் கிடைத்ததுபோல அத்தனை சந்தோஷம்.

மலர்க்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

இளவழகன் பையை வாங்கிக்கொண்டான். "மாத்திக் குடுக்குறம்மா" என்றான். வண்டியை எடுத்தான். குடவாசல் வரைக்கும் அவன் நினைப்பில் ஷிபானி இல்லை, சுபல் இல்லை. பூவம்மாள்தான் இருந்தாள். அந்தக் கொல்லைப்புற வாசலில் அம்மா வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்காகவும் அவன் இத்தனை வருஷம் அவளுக்கும் சேர்த்து வெட்கப்பட்டிருக்கிறான். அவள் தலை குனிந்து வாங்கினாள், வயிறெரிந்து வாங்கினாள் என்றுதான் நினைத்திருந்தான். பெரிய பெரிய கால்சட்டைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்த முகத்தை அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் ஒருவேளை இத்தனை சந்தோஷமாகத்தான் இருந்தாளோ? கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இப்போது இல்லை.

ஜாஃபர் சாதிக் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன இளா, தையல் விட்ருச்சா?" என்று பதறினார்.

"இல்ல பாய். துணி நல்லாருக்கு. அவங்க அம்மா கொஞ்சம் பெருசாக் கேக்குறாங்க."

"எவ்வளவு பெருசு?"

இளவழகன் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினான்.